கம்பி போன தடம்

மார்ச் 4

தம்பிக்கு,

எத்தனை தடவை கூப்பிட்டாலும் நீ போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன ஆகும்? நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தால் போடு, ஆனால் படித்துவிட்டுக் கிழி.

உன் விலாசத்தை ஹோட்டல் சமையல்காரரிடம் கெஞ்சி வாங்கினேன். துறைமுகத்து ஐஸ் பேக்டரியில் சேர்ந்திருக்கிறாய் என்றார். "நல்ல கைம்மா அந்தக் கை, இப்படிப் போயிடுச்சே" என்று என்னிடமே வருத்தப்பட்டார். நான் உன் அக்கா என்று அவருக்குத் தெரியாது. கல்யாணப் பெண்ணின் அம்மா என்றுதான் தெரியும். நானும் திருத்தவில்லை.

சிட்டுவுக்குப் பாதத்தில் இரண்டு எலும்பு முறிந்திருக்கிறது. முழங்கால் வரை கட்டு. புருஷன் வீட்டில் இருக்க வேண்டிய பெண் என் வீட்டுக் கூடத்தில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடக்கிறாள். அவர்கள் வீடு மாடியில், படி ஏற முடியாது. மாப்பிள்ளை வேலை முடிந்து தினமும் வந்துவிட்டுப் போகிறார். பேச்சு குறைவு. சம்பந்தி ஒரு தடவை வந்தார். சம்பந்தியம்மா எட்டிப் பார்க்கவில்லை. "வரவேற்புலயே ரத்தத்தைப் பார்த்தாச்சு" என்று அந்தம்மா யாரிடமோ சொன்னது சுற்றி வளைத்து என் காதுக்கு வந்துவிட்டது. என் மானம் கப்பலேறிப் போய் எந்தக் கரையில் இறங்கியதோ தெரியவில்லை.

நான் உன்னிடம் என்ன பெரிதாகக் கேட்டேன்? ஊரில் எத்தனையோ ஹோட்டல் இருக்க, அவர்கள் உன் ஹோட்டலைப் பிடிப்பார்கள் என்று நான் கண்டேனா? அந்த ஒரு நாள் லீவு போடுடா என்றேன். கேட்டாயா? "சிட்டுவுக்கு என் கையால ஐஸ்ல ஒரு அன்னம் செஞ்சு வைக்கிறேன்க்கா, சமையல்கட்டை விட்டு வெளியவே வரமாட்டேன்" என்றாய். அன்னமாம் அன்னம்! கழுத்தைத் தனியாகச் செதுக்கி உடம்பில் ஒட்டவைத்த அன்னம். ஐஸோடு ஐஸ் ஒட்டுமா என்று நான் அப்போதே கேட்டேன். "பாறை மாதிரி நிக்கும்" என்றாய். நின்ற லட்சணத்தைத்தான் ஊரே பார்த்ததே. கழுத்து கழன்று மேசையில் உருண்டு, போட்டோவுக்கு நின்ற பெண்ணின் காலில் விழுந்தது. எனக்கு அது எதிரே இருந்து பார்க்கும்போது கொக்கு மாதிரிதான் இருந்தது, அது வேறு விஷயம்.

சம்பந்தி சத்தம் போட, மேனேஜர் ஓடி வந்து, அத்தனை பேர் முன்னால் "நாளைலேர்ந்து வராதே" என்று உன்னிடம் சொன்னபோது நீ வாயையே திறக்கவில்லை. கீழே கிடந்த ஐஸைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். அன்றைக்கே ஊரை விட்டுக் கம்பி நீட்டிவிட்டாய். சிட்டுவை வந்து பார்த்தாயா? தாய்மாமன் நீ!

சம்பந்தியிடம் உன்னைப் பற்றி அப்படிச் சொன்னதற்குக் காரணம் உனக்கே தெரியும். அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

சிட்டுவால் கால்விரலை அசைக்க முடிகிறதா? வீக்கம் வடிந்துவிட்டதா? கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்கள் சில்லென்று இருந்தாலோ நிறம் மாறினாலோ உடனே டாக்டரிடம் சொல்லு. அவள் வலியைச் சொல்ல மாட்டாள். சின்ன வயசில் கதவில் விரல் நசுங்கியபோதும் சொல்லவில்லை.

அன்னத்தின் கழுத்தை ஒட்டிய மூட்டு என் வேலை. பிரிந்தது மூட்டு. ஆகவே தப்பு என்னுடையது. மேனேஜர் சொன்னதில் பிசகில்லை.

இங்கே வேலை கடினமில்லை. ஐஸ் கட்டிகளை ஸ்டோரில் அடுக்குவது, படகுக்காரர்கள் வந்ததும் கொக்கியால் இழுத்து உடைக்கும் மெஷினில் தள்ளுவது. மீனுக்குப் போகிற ஐஸ், யாருக்கும் அழகாக இருக்கத் தேவையில்லை. நான் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "சிற்பி, அந்தக் கட்டியை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்கிறார்கள். கிண்டல்தான், ஆனால் விஷமில்லை.

நீ எடுக்காதே என்றதை எடுக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். சமையல்கட்டை விட்டு வரமாட்டேன் என்று சொன்னது உண்மை. ஹாலில் ஏசியைக் குறைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, கழுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தேன். சம்பந்தி "இதைச் செஞ்சது யாருங்க?" என்று உன்னைக் கேட்டபோது நான் உனக்குப் பின்னால்தான் நின்றேன். "யாரோ ஹோட்டல் ஆளுங்க" என்றாய். அவர் திரும்பி, என் கோட்டைப் பார்த்துவிட்டு, கையில் ஒரு நோட்டைத் திணித்தார். வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் ஏன் என்று கேட்பார். அவ்வளவுதான்.

மணமக்கள் பெயர்ப்பலகையை ஹோட்டலிலிருந்து அனுப்பிவிட்டார்களா? அதில் ஒரு கம்பி கோத்திருக்கும். முனை கூர்மையாக இருக்கும், சிட்டு கையில் படாமல் எடுத்து வை.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

எடுக்காதே என்றதை எடுக்க மாட்டாயாம், ஆனால் ஒன்று மட்டும் சொல்வாயாம். நல்ல நியாயம்டா! நீ அந்த நோட்டை வாங்கியதை நான் பார்க்கவில்லை என்று நினைத்தாயா? பார்த்தேன். என் தம்பி கை நீட்டி டிப்ஸ் வாங்குவதை, பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தேன் வேறு. சம்பந்தி சிரித்தார், நானும் சிரித்தேன்.

சரி, நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க வந்த அன்று அவர்கள் தங்கள் வீட்டு மனிதர்களை ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் வக்கீல், ஒருத்தர் காலேஜில் பெரிய ஆள். "பொண்ணுக்கு மாமா என்ன பண்றார்?" என்று கேட்டார்கள். என் நாக்கு தானாகப் புரண்டது. "வெளிநாட்டுல இன்ஜினியர்" என்றேன். உன் அத்தான் சட்டென்று என்னைப் பார்த்தார், ஆனால் சபையில் பெண்டாட்டியைப் பொய்க்காரி ஆக்க அவருக்கு மனசு வரவில்லை. ஒரு பொய் சொன்னால் அது சும்மா கிடக்குமா, குட்டி போடுமே. எந்த நாடு, எந்தக் கம்பெனி, கல்யாணத்துக்கு வருவாரா? லீவு கிடைக்கவில்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பார்த்தால், மறைத்த பூசணிக்காய் அவர்கள் பிடித்த ஹோட்டலிலேயே வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்கிறது!

உன் வேலை கேவலம் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் நினைப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று உன் அத்தான் சொல்கிறார். அவருக்கென்ன, சொல்வார்.

கம்பி விஷயத்துக்கு வா. ஏன் அதை எழுதினாய்? பலகையை மாட்டியது நான்தான். நீ மேசையில் வைக்கச் சொன்னாய். மேசையில் வைத்தால் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு யார் கல்யாணம் என்று எப்படித் தெரியும்? நல்ல கனமான பித்தளையில் ஆசை ஆசையாக இரண்டு பேர் பெயரையும் வெட்டச் சொன்னது சாய்த்து வைக்கவா? அன்னத்தின் கழுத்தில் தொங்கவிட்டேன். முதலில் ரிப்பனில் கட்டினேன், அது நனைந்து தளர்ந்தது. அலங்காரக்காரரிடம் மெல்லிய கம்பி வாங்கி முறுக்கி மாட்டினேன். அது கழுத்தை அறுத்துவிட்டது என்று சொல்ல வருகிறாயா? அறுத்தால் தடம் இருக்காதா? நான் நடுவில் போய்ப் பார்த்தேன். பிடரியில் ஒரு கீறல்கூட இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது.

ஊமைக் குசும்பு வேண்டாம். சொல்ல வந்ததை நேராகச் சொல். ஏற்கனவே சிட்டு என்னிடம் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டும் என்றால்கூட அப்பாவைத்தான் கூப்பிடுகிறாள்.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

நீ கேட்டதால் சொல்கிறேன்.

ஐஸ் சூடு பட்டால்தான் உருகும் என்று எல்லோரும் நினைக்கிறோம். அழுத்தினாலும் உருகும். ஆனால் அது ஏற்கனவே உருகுகிற நிலைக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். அழுத்தம் விலகியதும் அதே தண்ணீர் திரும்ப உறைந்துவிடும்.

போன வாரம் இங்கே நடந்தது. கட்டி மேல் கட்டியாக அடுக்கும்போது நடுவில் மரச்சட்டம் வைப்போம். அன்றைக்குச் சட்டம் போதவில்லை, வைக்காமல் அடுக்கினோம். கம்ப்ரசரும் மக்கர் பண்ணி ஸ்டோரில் குளிர் தளர்ந்திருந்தது. மறுநாள் பார்த்தால் அடிவரிசை முழுக்க ஒரே பாறை. மேலே இருந்த கனத்தில் ஒன்றை ஒன்று தொட்ட இடம் இளகி, உறைந்து, சேர்ந்துவிட்டது. எங்கே ஒட்டியது என்று கோடுகூடத் தெரியவில்லை. கடப்பாரையால் பிளந்தோம். நல்ல குளிரில் இருந்திருந்தால் இப்படிச் சேர்ந்திருக்காது. கனம் மட்டும் போதாது, குளிரும் இறங்கி வரவேண்டும்.

கம்பிக்கும் அதே கணக்குதான். பலகையின் கனம் முழுவதும் ஒரு நூல் அகலத்தில் இறங்குகிறது. கம்பிக்குக் கீழே ஐஸ் இளகும். அந்தத் தண்ணீர் கம்பியைச் சுற்றிக்கொண்டு மேலே வரும். மேலே அழுத்தம் இல்லை, உடனே உறைந்துவிடும். கம்பி உள்ளே போய்க்கொண்டே இருக்கும், போன வழி மூடிக்கொண்டே வரும். அதனால்தான் உனக்குக் கீறல் தெரியவில்லை. ரிப்பன் பட்டையானது, கனம் பரவிவிடும், இறங்காது. பிரீசரிலிருந்து எடுத்த கையோடு கம்பியை மாட்டியிருந்தாலும் அது மேலேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் அவ்வளவு குளிரோடு ஹாலுக்குக் கொண்டுவந்தால் ஐஸ் விரிசல் விடும். அதனால் நான்தான் முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்துப் பதமாக்கினேன். சம்பந்தியம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏசியையும் குறைத்தார்கள்.

வெறும் ஐஸாக இருந்திருந்தால் கம்பி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்திருக்கும், கழுத்து முழுசாக நின்றிருக்கும். வழியில் மூட்டு இருந்தது. கம்பி அங்கே வந்ததும், தண்ணீர் மேலே ஏறாமல் மூட்டு வழியாக வெளியே வடிந்துவிட்டது. திரும்ப உறைய ஒன்றும் மிஞ்சவில்லை.

நம்பிக்கை இல்லையென்றால் வீட்டிலேயே செய்து பார். நீளமான டப்பாவில் தண்ணீர் ஊற்றி உறையவிடு. எடுத்ததும் மாட்டாதே. மேலே பூத்த வெள்ளை போய், ஈரம் கசிகிற வரைக்கும் காத்திரு.

உன்னைக் குற்றவாளி ஆக்குவதற்காக இதை எழுதவில்லை. மூட்டு இன்னும் வலுவாக இருந்திருந்தால்... இல்லை, விடு. சிட்டு எப்படி இருக்கிறாள் என்று எழுது.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

செய்து பார்த்தேன்.

கூடத்தில் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு, நடுவில் ஐஸைப் பாலம் மாதிரி வைத்தேன். கீழே வாளி. ஹோட்டல்காரர்கள் பையில் போட்டு அனுப்பியிருந்த அதே பலகை, அதே கம்பி. நான் முறுக்கின முறுக்கு அவிழவே இல்லை, அப்படியே வளையமாக வந்திருந்தது. நான்தான் அவிழ்த்து மறுபடி மாட்டினேன். உன் அத்தான் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "என்னடி, புருஷன் மேல இருக்குற கோபத்துல பலகையைத் தூக்குல போடுறியா?" என்றார். சிட்டு படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போய் வேலையைப் பார்த்தேன். திரும்பி வந்தால் கம்பியைக் காணோம். குனிந்து பார்த்தேன். உள்ளே இருக்கிறது! ஐஸுக்குள் இருக்கிறது! மேலே விரலால் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். தடமே இல்லை தம்பி.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது சிட்டு பேசினாள், இத்தனை நாளைக்கு அப்புறம். "அம்மா, அது அன்னைக்கு நீ மாட்டின கம்பிதானே?" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பெற்ற பெண் முகத்தைப் பார்க்க முடியாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். பூமி பிளந்து விழுங்காதா என்று இருந்தது.

மகள் காலை உடைத்தது நான். பழி மட்டும் உனக்கு. மேனேஜர் உன்னைத் திட்டியபோது நீ பேசவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேனே, என்ன நெஞ்சழுத்தம் எனக்கு! பேச வேண்டியவள் நான் அல்லவா? 'அவன் என் தம்பி' என்று மூன்று சொல். அது வரவில்லை. சிட்டுவைத் தூக்குகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன் வேலை போகிறது என்று காதில் விழுந்தது. அதைவிட, சம்பந்தி எங்கே நம் இரண்டு பேர் மூக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவாரோ என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

சம்பந்தி வெளியூர் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார். அன்றைக்கே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். நீ யார், கம்பி யாருடையது, எல்லாம். மேனேஜரையும் பார்த்து, என் தம்பி மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்கிறேன். அவர்கள் என்னைக் காறித் துப்பினாலும் சரி.

உன் அக்கா


மார்ச் 31

அக்கா,

போகாதே. இது ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். மேனேஜரிடம் என் மேல் குற்றமே இல்லை என்று சொல்லாதே. அது பொய்.

'மூட்டு இன்னும் வலுவாக இருந்திருந்தால்' என்று எழுதி நிறுத்தினேன் அல்லவா? மூட்டு வலுவாகத்தான் இருந்தது. அந்த வரியை உன்னை ஏமாற்ற எழுத ஆரம்பித்தேன், முடிக்க மனசு வரவில்லை.

நோட்டைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு அன்னத்தின் பக்கம் போனேன். பார்த்துவிட்டேன். கம்பி ஒரு விரல் ஆழம் உள்ளே போயிருந்தது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். மூட்டு எங்கே இருக்கிறது, இன்னும் எவ்வளவு போனால் கம்பி அதைத் தொடும் என்பதும் எனக்குத் தெரியும். ஒட்டியவன் நான்தானே? பலகைக்குப் பின்னால் இருந்த முறுக்கை அவிழ்த்தால் போதும், கனம் மேசையில் இறங்கிவிடும். குறடுகூட வேண்டாம். கையை நீட்டினேன். அப்போது நீ என்னைப் பார்த்தாய். உள்ளே போ என்று கண்ணால் சொன்னாய்.

நான் உள்ளே போனேன். நீ சொன்னதால் போகவில்லை. விழட்டும் என்று போனேன்.

யாரோ ஹோட்டல் ஆள் செய்ததுதானே, விழட்டும். பித்தளைப் பலகையோடு, பெரிய மனுஷங்க முன்னால, உன் கண் எதிரே விழட்டும். இப்படித்தான் நினைத்தேன், வார்த்தைக்கு வார்த்தை. மேசை மேலேயே விழும், நாலு தட்டு உடையும், உனக்குத் தலைகுனிவு, அதோடு போகும் என்று கணக்குப் போட்டேன். சமையல்கட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன் அக்கா. சத்தம் கேட்டதும் ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அதற்கு அடுத்த கணம் சிட்டு கத்தினாள்.

மேனேஜர் திட்டும்போது நான் பேசாமல் இருந்தது பெருந்தன்மை இல்லை. வாயைத் திறந்தால் இதுதான் வரும் என்று பயம். இங்கே வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என்னையே நான் நம்ப வைத்தேன்: பாவம், அக்காவுக்காகப் பழியைச் சுமக்கிறேன் என்று. அந்த நினைப்பு எனக்குப் பிடித்தும் இருந்தது. கம்பியின் முனை கூர்மை என்று உனக்கு எழுதினேனே, அது சிட்டு கை மேல் இருந்த அக்கறை இல்லை. நீயாகத் தெரிந்துகொண்டு வெட்கப்பட வேண்டும் என்றுதான் அந்த வரியைப் போட்டேன். எவ்வளவு சின்னப் புத்தி பார். நீ தெரியாமல் மாட்டினாய். நான் தெரிந்தே விழ விட்டேன்.

சிட்டுவைப் பார்க்க வராததற்கும் இதுதான் காரணம். எந்த முகத்தோடு வருவது?

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நான் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டேன்.

உன் அத்தானும் கூட வந்தார், ஆனால் பேசவில்லை, "நீ ஆரம்பிச்சதை நீயே முடி" என்றுவிட்டார். சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை மூன்று பேரும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் பேச்சு மாறிவிடும் என்று பயம். கம்பியைச் சொன்னேன். அப்புறம், "அன்னத்தைச் செஞ்ச ஆளு என் கூடப்பிறந்த தம்பி. வெளிநாட்டுல எனக்கு யாரும் இல்லை" என்றேன்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியும் அத்தை" என்றார்.

நிச்சயம் ஆன கையோடு சிட்டு அவரிடம் சொல்லிவிட்டாளாம். "எங்க மாமா ஐஸ்ல என்ன வேணா செய்வாரு" என்று பெருமையடித்தாளாம். அந்த ஹோட்டலைப் பிடிக்கலாம் என்று தன் அப்பாவிடம் சொன்னதே மாப்பிள்ளைதானாம். அங்கே வைத்தால் நான் பொய்யை விட்டுவிட்டு உன்னைக் கூப்பிட்டு நிறுத்துவேன் என்று இரண்டு பேரும் காத்திருந்திருக்கிறார்கள். நான் கூப்பிடவில்லை. கடைசியில் சிட்டு, "நானே கூப்பிடறேன், மாமா இல்லாம போட்டோ வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அன்னத்தின் பக்கத்தில் போய் நின்றாளாம். உன்னை அழைத்து வர ஆள் அனுப்பியிருந்தாளாம். அந்த ஆள் சமையல்கட்டுக்கு வருவதற்குள் விழுந்துவிட்டது.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. உன்னையும் நோகடிக்கத்தான் எழுதுகிறேன், மறைப்பானேன்.

ஆமாம், படித்ததும் ஆத்திரம்தான் வந்தது. நீ கையில் கிடைத்திருந்தால் நாலு சாத்து சாத்தியிருப்பேன். காத்திருந்தாயாமே, சத்தம் கேட்க! அதைப் படித்துவிட்டுச் சிட்டுவின் காலைப் பார்த்தேன். ஆனால் நீ நீட்டிய கையை மடக்க வைத்தது என் கண்தான். யார் பங்கு அதிகம் என்று நிறுத்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

சம்பந்தி என்ன சொன்னார் என்று சொல்லவில்லையே. கத்துவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், "நான் அவருக்கு டிப்ஸ் குடுத்தேனேம்மா" என்றார். "பொண்ணோட மாமாவுக்கு. அவரும் வாங்கிக்கிட்டாரே." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு தப்பும் செய்யாத மனுஷன் அவர் ஒருத்தர்தான், அவர் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. சம்பந்தியம்மா எழுந்து உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

மேனேஜரைப் பார்க்கவில்லை. அதை நீயே பார்த்துக்கொள்.

பதினாறாம் தேதி சிட்டுவுக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். சம்பந்தி வீட்டில் எல்லோரும் வருகிறார்கள். நீயும் வா. பின்பக்கமாக வராதே, வாசல் வழியாக வா. நான் நின்றுகொண்டிருப்பேன். யார் கேட்டாலும் நான் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். ஆனால் நீ எனக்கு எழுதியதைச் சிட்டுவிடம் நான் சொல்ல மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்து நீயே சொல்ல வேண்டும். அதிலிருந்து உனக்குத் தப்பிக்க வழி கிடையாது.

இன்னொன்று. அந்த நோட்டு உன்னிடம் இன்னும் இருந்தால் கொண்டு வா. சம்பந்திக்கு அதைத் திருப்பிக் கேட்கவும் வாய் வரவில்லை, மறக்கவும் முடியவில்லை. நீயாகக் கொடுத்துவிட்டால் அந்த மனுஷன் நிம்மதியாகத் தூங்குவார்.

உன் அக்கா


ஏப்ரல் 10

அக்காவுக்கு,

வருகிறேன்.

சிட்டு எனக்காக அங்கே நின்றாள் என்ற வரிக்கு மேல் உன் கடிதத்தை இரண்டு நாள் படிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். கட்டியை இழுக்கும்போது கை நழுவி, கூட இருந்தவர் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் உட்கார்ந்து அழுதேன். "சிற்பி, ஐஸ்தானே உடைஞ்சது, விடுங்க" என்றார்கள்.

முதலில் சிட்டுவைத் தனியாகப் பார்க்க விடு. அவளிடம் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்கள் முன்னால் உட்காருவேன். அவள் போ என்றால் போய்விடுவேன். நீ என்னை நிறுத்தக்கூடாது, அவளையும் திட்டக்கூடாது.

நோட்டு இருக்கிறது. அந்த வெள்ளைக் கோட்டின் பையிலேயே, நனைந்து காய்ந்து மொடமொடவென்று கிடக்கிறது. ஆனால் அதைத் திருப்பித் தர மாட்டேன் அக்கா. அவர் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க நான் பேசிக்கொள்கிறேன். அதைக் கொடுக்கும்போது அவர் என்ன சொன்னார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ பக்கத்தில்தான் நின்றாய். "ரொம்ப அழகா இருக்குப்பா" என்றார்.

அன்றைக்கு அதை என்னிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

தம்பி